வெலிங்டன் படத்தின் முன்னால் நின்று எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து லண்டனுக்கு யார் வந்தாலும் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் தேசிய ஓவியக் கூடத்துக்குக் கூட்டிப் போவது எங்கள் வீட்டு வழக்கம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் உருவப்படம். சிவப்புக் கோட்டு, மார்பு நிறையப் பதக்கங்கள், கறுத்த பின்னணி, நேராகப் பார்க்கும் பெரிய கண்கள். அத்தை, சித்தப்பா, நண்பர்களின் பிள்ளைகள் என்று இதன் முன்னால் நின்ற எல்லோரும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

"தம்பி, இவர் யாரு? இங்கிலாந்து ராஜாவா?"

ராஜா இல்லை. பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1769-ல் அயர்லாந்தில் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர். நெப்போலியனின் படைகளை போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளில் எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி. 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவரும் இவர்தான். ஆனால் இந்தப் படம் வாட்டர்லூவுக்கு முந்தியது.

1812 ஜூலை 22-ஆம் தேதி ஸ்பெயினில் சலமாங்கா என்ற ஊருக்கு அருகே பிரெஞ்சுப் படையை முறியடித்தார். மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 12 அன்று, மாட்ரிட் நகருக்குள் நுழைந்தார். அந்த நாட்களில்தான் கோயா இவரை எதிரே உட்கார வைத்து வரைந்தார். அப்போது இவருக்கு வயது 43, கோயாவுக்கு 66.

"ராஜா இல்லேன்னா மார்ல எதுக்கு இவ்வளவு மாட்டியிருக்கார்?"

இந்தப் படத்தைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று படையில் வகிக்கும் பதவி: கர்னல், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல் என்பவை. இரண்டாவது பரம்பரையாகப் பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும் பட்டம்: வைகவுன்ட், ஏர்ல், மார்குவெஸ், டியூக் என்று படிப்படியாக ஏறும். மூன்றாவது, ஓர் அரசர் தன் கையால் கொடுத்து ஒரு சிறு வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளும் விருது. நட்சத்திரம், பட்டை, கழுத்துப் பதக்கம் எல்லாம் இந்த மூன்றாவது வகை.

பதவி கோட்டின் தையலிலும் பொன் சரிகையிலும் தெரியும். விருது கோட்டின் மேல் குத்தப்படும், மாட்டப்படும். பட்டம்தான் சட்டையில் எங்கும் இல்லாதது, அதற்குப் படத்தின் தலைப்பைத்தான் பார்க்க வேண்டும். "எத்தனை மெடல்!" என்று நாம் வியந்து நிற்கும்போது உண்மையில் கண்ணில் படுவது பெரும்பாலும் விருதுகள்தான், ராணுவப் பதவி அல்ல. எந்தெந்த நாட்டு அரசர்கள் இவருக்குக் கடன்பட்டார்கள் என்ற கணக்கு அந்த மார்பில் இருக்கிறது.

"சட்டை ஏன் இவ்வளவு சிவப்பு? சண்டையில எதிரி கண்ணுல பட்டுடாதா?"

படும். ஆனால் அந்தக் காலத் துப்பாக்கிகள் கக்கிய கருமருந்துப் புகை களத்தையே மூடிவிடும். அந்தப் புகைக்குள் யார் நம்மவர், யார் எதிரி என்று தெரிவது ஒளிந்துகொள்வதைவிட முக்கியமாக இருந்தது. பிரிட்டிஷ் காலாட்படைக்குச் சிவப்பு என்பது அப்போதே ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கம்.

சிவப்பிலும் உயர்வு தாழ்வு உண்டு. சாதாரண சிப்பாயின் கோட்டுக்கு மஞ்சிட்டி வேர்ச்சாயம் போட்டார்கள். அது செங்கல் நிறமாக இருக்கும், வெயிலிலும் மழையிலும் இன்னும் மங்கும். அதிகாரிகளின் கோட்டுக்கு கொச்சினீல் சாயம். மெக்சிகோவில் கள்ளிச்செடியின் மேல் வளரும் சின்னப் பூச்சியைக் காயவைத்து எடுப்பது, விலையும் அதிகம், பளிச்சென்ற சிவப்பும் வரும். ஆகவே பொத்தானையோ பதக்கத்தையோ பார்ப்பதற்கு முன்பே, நூறு அடி தூரத்திலிருந்தே, துணியின் நிறம் ஒருவர் யார் என்று சொல்லிவிடும். கோயா இந்தக் கோட்டின் சிவப்பைக் கறுத்த பின்னணியில் வைத்ததால் அது இன்னும் எரிகிறது.

"அந்த மூணு ஸ்டாரும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

தூரத்திலிருந்து அப்படித்தான் தெரியும். மூன்றும் மூன்று நாடுகள். மேலே இருப்பது பிரிட்டனின் பாத் விருது. நமக்கு இடதுபுறம் கீழே இருப்பது போர்ச்சுகலின் கோபுரமும் வாளும் என்ற விருது. வலதுபுறம் கீழே ஸ்பெயினின் சான் பெர்னாண்டோ விருது, அது அப்போதுதான், 1811-ல் ஏற்படுத்தப்பட்டது. சொந்த நாட்டின் நட்சத்திரம் உச்சியில், மற்ற இரண்டும் அதற்குக் கீழே. இந்த வரிசை முறையே ஒரு செய்தி.

தோளிலிருந்து குறுக்கே இறங்கும் பட்டைகளும் இரண்டு. இளஞ்சிவப்பாகத் தெரிவது பாத் விருதுக்கு உரியது, அதை ஒட்டித் தெரியும் நீலம் போர்ச்சுகல் விருதுக்கு உரியது. இங்கேயும் பிரிட்டிஷ் பட்டைதான் மேலே. 'பாத்' என்றால் குளியலேதான். பழைய காலத்தில் 'நைட்' என்ற வீரப் பட்டம் பெறுவதற்கு முதல் நாள் சடங்காக நீராட்டுவார்கள், அந்தப் பெயரை எடுத்து 1725-ல் முதலாம் ஜார்ஜ் மன்னர் இந்த விருதை அமைத்தார். இவருக்கு இது எதற்காகக் கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது நம் பக்கத்துக் கதை.

"கழுத்துல ஆட்டுக்குட்டி தொங்குதே, அது என்ன?"

என் அத்தை கண்டுபிடித்தது. பலர் கவனிக்காமலே போய்விடுவார்கள். கழுத்தில் சிவப்பு ரிப்பனில் தொங்குவது ஸ்பெயினின் தங்க ஆட்டுத்தோல் விருது. வயிற்றில் கட்டித் தூக்கியது போல, தலையும் கால்களும் கீழே தொங்க, ஒரு செம்மறி ஆட்டின் முழுத் தோல். கிரேக்கப் புராணத்தில் ஜேசன் என்ற வீரன் கடல் கடந்து தேடிப்போன பொற்கம்பளி ஆட்டிலிருந்து வந்த உருவம். 1430-ல் பர்கண்டி நாட்டு டியூக் ஒருவர் ஏற்படுத்தியது, பிறகு ஸ்பெயின் அரச வம்சத்துக்கு வந்தது.

ஐரோப்பாவில் இதைவிட மதிப்பான விருதுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அரசர்களும் இளவரசர்களும் அணிவது. ஓர் ஐரிஷ் பிரபுவின் இளைய மகன் கழுத்தில் இது ஏறியது என்றால், ஸ்பெயின் அவரை எந்த உயரத்தில் வைத்தது என்று புரியும். படத்தில் பார்த்தால் அளவில் மிகச் சிறியது. மரியாதை அதிகமாக ஆக அணிகலன் சிறியதாகிறது என்று எனக்குத் தோன்றும்.

"உண்மையான தங்கம் ஒட்டியிருக்காங்களா, நம்ம தஞ்சாவூர்ப் படம் மாதிரி?"

இல்லை. ஒரு துளி தங்கம்கூடக் கிடையாது. இதைத் தயவுசெய்து அருகே போய்ப் பாருங்கள், காவலர் அனுமதிக்கும் தூரம் வரை. நாலடி தள்ளி நின்றால் சரிகை, நட்சத்திரம், ஆட்டுத்தோல் எல்லாம் மின்னும். கிட்டே போனால் அந்த மின்னல் கலைந்துவிடும். மஞ்சள் ஒரு தீற்று, அதன் ஓரத்தில் பழுப்பு, நடுவில் கெட்டியாக வெள்ளை ஒரு பொட்டு. அவ்வளவுதான். நட்சத்திரத்தின் கதிர்களை ஒவ்வொன்றாக வரையவே இல்லை, தூரிகையை வைத்து இழுத்து எடுத்திருக்கிறார்.

தஞ்சாவூர் ஓவியத்தில் தகடு தானே ஒளிரும், விளக்கு நகர்ந்தால் அதுவும் நகரும். இங்கே ஒளியையே ஓவியர் தீர்மானித்து வைத்துவிட்டார். எங்கே மின்ன வேண்டும், எங்கே மங்க வேண்டும் என்பது அவர் கையில். மார்பை முகத்தைவிடப் பிரகாசமாக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நெற்றியில் விழும் வெளிச்சம்தான் படத்திலேயே பெரிய வெளிச்சம்.

"பேர்ப்பலகையில 1812–14னு போட்டிருக்கே, ரெண்டு வருஷமா வரைஞ்சாரு?"

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். படம் 1812 ஆகஸ்டில் வரையப்பட்டது. ஆனால் வெற்றிகள் நிற்கவில்லை, விருதுகளும் நிற்கவில்லை. தங்க ஆட்டுத்தோல் வந்தது, தங்கச் சிலுவை வந்தது. முடிந்துபோன படத்தில் அவை இல்லை. 1814 மே மாதம் வெலிங்டன் மறுபடி மாட்ரிட் வந்தபோது கோயா அதே படத்தின் மேல் வேலை செய்து புதிய அணிகளைச் சேர்த்தார். கழுத்தைச் சுற்றியும் மார்பிலும் திருத்தங்களின் தடம் இருக்கிறது.

ஆகவே இந்த ஒரே படத்தில் இரண்டு தேதிகள் உண்டு. முகத்தின் தேதி 1812, மார்பின் தேதி 1814. களத்திலிருந்து வந்து உட்கார்ந்த மனிதனின் முகத்தை கோயா தொடவில்லை, அவன் மேல் ஏறிக்கொண்டே போன மரியாதைகளை மட்டும் புதுப்பித்தார். பதவியையும் பெருமையையும் காட்டும் உருவப்படம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை. வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாற்றுவது போல, நிலை உயர்ந்தால் படத்தையும் திருத்தியாக வேண்டும்.

அந்தத் தங்கச் சிலுவையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதல் போருக்கு ஒரு தங்கப் பதக்கம். இரண்டாவது, மூன்றாவது போர்களுக்கு ரிப்பனில் மாட்டும் சின்ன உலோகப் பட்டை. நான்காவது போர் வந்ததும் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான்கு கைகளிலும் நான்கு போர்களின் பெயர் பொறித்த சிலுவையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு போருக்கும் ஒரு பட்டை. கோயாவின் படத்தில் மூன்று பட்டைகள். வெலிங்டனின் சிலுவை முழுமையானபோது ஒன்பது பட்டைகள் இருந்தன, அதாவது 13 போர்கள். வேறு யாருக்கும் அத்தனை கிடைக்கவில்லை. 1814-ல் திருத்தியும்கூடப் படம் பின்தங்கியே நின்றது.

"அப்போ கோயா முன்னால உட்கார்ந்தப்ப அவர் டியூக்கே இல்லையா?"

இல்லை. 1809-ல் வைகவுன்ட், 1812 பிப்ரவரியில் ஏர்ல். மாட்ரிட்டுக்குள் நுழைந்த நாளில் அவர் ஏர்ல்தான். சலமாங்கா வெற்றிக்காக அதே ஆண்டு மார்குவெஸ் ஆனார், 1814 மே மாதம் டியூக். ராணுவத்தில் அப்போது அவருடைய நிரந்தரப் பதவி லெப்டினன்ட் ஜெனரல், அந்தப் போர்க்களத்துக்கு மட்டும் ஜெனரல். பீல்டு மார்ஷல் ஆனது 1813-ல்.

மேலே சொன்ன மூன்று விஷயங்களை நினைவில் வைத்தால் இது குழப்பாது. பழைய படங்களின் தலைப்பில் இருக்கும் பட்டம் பெரும்பாலும் அந்த மனிதர் கடைசியாக எட்டிய பட்டம். தலைப்பை நம்பிக் காலத்தைக் கணிக்காதீர்கள், மார்பைப் பார்த்துக் கணியுங்கள்.

"பிரபு வீட்டுப் பிள்ளைங்கிறதால பதவி சும்மா கிடைச்சுதா?"

ஆரம்பப் பதவிகள் பணத்தில் வந்தவை, அதை மறைக்க ஒன்றுமில்லை. அன்றைய பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் லெப்டினன்ட் கர்னல் வரை பதவியை விலைக்கு வாங்கலாம். இவர் 1787-ல் சேர்ந்தார், 1793-ல் 33-ஆம் படைப்பிரிவின் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிட்டார். பணம் கொடுத்து உதவியவர் அண்ணன் ரிச்சர்ட், பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்த அதே வெல்லெஸ்லி பிரபு. இந்த முறையை 1871-ல்தான் ஒழித்தார்கள்.

அதற்கு மேலான பதவிகளை வாங்க முடியாது. படத்தின் மார்பில் இருப்பவை எதுவும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. ஆனால் அந்த வாசலுக்கு வந்து சேர்வதற்கே பணமும் குடும்பமும் தேவைப்பட்டன.

"இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு சின்னப் படமா? குதிரை எங்கே?"

மகாகனி மரப்பலகையில் எண்ணெய் வண்ணம். உயரம் 64.3 செ.மீ., அகலம் 52.4 செ.மீ. இரண்டடியைச் சற்றே தாண்டும். குதிரைப் படம் தனியாக இருக்கிறது. கோயாவே வரைந்த பெரிய குதிரைப் படம் லண்டனில் ஹைட் பார்க் முனையில், வெலிங்டன் வாழ்ந்த ஆப்ஸ்லி மாளிகையில் தொங்குகிறது. அதை எக்ஸ்ரே எடுத்தபோது அடியில் வேறொரு குதிரைவீரன் இருப்பது தெரிந்தது. ஆட்சி மாறியதும் பழைய ஆளின் மேல் புதிய ஆளை வரைந்துவிட்டார்.

குதிரை, பீரங்கி, புகை, கையில் கோல் என்று பொருள்களை வைத்துப் பதவியைக் காட்டுவது ஒரு வழி. இதே கூடத்துக்குச் சொந்தமான ஜோஷுவா ரெனால்ட்ஸ் படம் ஒன்று அதற்கு நல்ல உதாரணம்: 1787-ல் வரைந்த ஹீத்பீல்டு பிரபு. ஜிப்ரால்டர் கோட்டையை முற்றுகையில் காத்தவர். கையில் கோட்டையின் பெரிய சாவி, சங்கிலியோடு. அவர் யார் என்று சொல்ல அந்தச் சாவியே போதும். கோயாவின் சின்னப் படத்தில் அப்படி எந்தப் பொருளும் இல்லை. கைகள்கூடத் தெரியாது.

"முகம் ஏன் இப்படிக் களைச்சுப் போயிருக்கு? ஜெயிச்சவர்தானே?"

வாய் லேசாகத் திறந்து மேல்பற்கள் தெரிகின்றன. கண்கள் அகன்றிருக்கின்றன. அரசவை உருவப்படங்களில் பல் தெரிய வரைவது மிக அபூர்வம், அது கட்டுப்பாடு இல்லாதவனின் அடையாளம் என்று நினைத்தார்கள். கோயாவுக்கு 1793 வாக்கிலேயே நோயில் காது போய்விட்டது. இருபது வருடமாக முகங்களைப் பார்த்தே மனிதர்களைப் புரிந்துகொண்டவர். மாதக்கணக்கில் குதிரை மேல் இருந்தவனின் களைப்பை அவரால் பார்க்காமல் இருக்க முடியாது என்றே நம்புகிறேன்.

ஒப்பிட வேண்டுமானால் தாமஸ் லாரன்ஸ் 1815–16-ல் வரைந்த படத்தைப் பாருங்கள், அதுவும் ஆப்ஸ்லி மாளிகையில்தான். கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி, உலகமே தன் கட்டளைக்குக் காத்திருப்பது போல நிற்பார். பிரிட்டனின் பழைய ஐந்து பவுண்டு நோட்டில் வந்தது லாரன்ஸின் வெலிங்டன். அதில் பதவி முகத்திலேயே இருக்கிறது. கோயாவிடம் பதவி சட்டையோடு நின்றுவிடுகிறது. எனக்கு கோயாதான் உண்மையானவர்.

"வரைஞ்சவர் எந்தப் பக்கம்? பிரெஞ்சுக்காரங்களுக்கும் வரைஞ்சாராமே?"

வரைந்தார். ஸ்பெயின் அரசரின் முதன்மை அரசவை ஓவியராக 1799-லிருந்து இருந்தவர். 1808-ல் நெப்போலியன் தன் அண்ணன் ஜோசப்பை ஸ்பெயின் அரியணையில் உட்கார வைத்தபோதும் கோயா மாட்ரிட்டில்தான் இருந்தார், 1811-ல் ஜோசப்பிடம் விருதும் பெற்றார். அடுத்த ஆண்டே ஜோசப்பை விரட்டிய தளபதியை வரைந்தார். 1812 இறுதியில் பிரெஞ்சுப் படை திரும்ப மாட்ரிட்டுக்கு வந்தது, பிறகு 1814-ல் பழைய அரச வம்சம் வந்தது.

இவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்பவர்கள், அதே வருடங்களில் வீட்டுக்குள் அவர் செம்புத் தகடுகளில் செதுக்கிக்கொண்டிருந்த போர்க் காட்சிகளையும் பார்க்க வேண்டும். பஞ்சத்தில் செத்தவர்கள், மரத்தில் தொங்கவிடப்பட்டவர்கள். அவற்றில் எந்தப் படைக்கும் புகழ் இல்லை. அவர் இறந்து 35 வருடம் கழித்து, 1863-ல்தான் அவை வெளிவந்தன.

"பேரே தெரியாத ஒரு ஆபீசர் படம்னா பதவியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஜெனரல் என்றால் பொத்தான்களை எண்ணுங்கள். இரண்டிரண்டாகச் சேர்ந்திருந்தால் மேஜர் ஜெனரல், மும்மூன்றாக இருந்தால் லெப்டினன்ட் ஜெனரல். ஓவியர்கள் இதில் தவறு செய்ய மாட்டார்கள். உட்காருபவர் விடமாட்டார். அதன் பிறகு நட்சத்திரம் இருக்கிறதா, பட்டையின் நிறம் என்ன என்று பாருங்கள்.

"இந்தப் படம்தானே திருட்டுப் போச்சு?"

இதேதான். 1961-ல் 1,40,000 பவுண்டு கொடுத்து நாட்டுக்காக வாங்கினார்கள். காட்சிக்கு வைத்த சில வாரங்களுக்குள், ஆகஸ்ட் 21 அன்று, காணாமல் போனது. 1965-ல் பர்மிங்காம் ரயில் நிலையத்தின் பொருள் காப்பகத்தில் கிடைத்தது. நியூகாசலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் சரணடைந்தார். பிரிட்டனில் வீட்டில் டிவி பார்க்கக் கட்ட வேண்டிய உரிமக் கட்டணத்தை வயதானவர்களிடம் வாங்கக் கூடாது என்பது அவர் கோரிக்கை. படத்தைத் திருடியதாக அல்ல, படத்தோடு திரும்ப வராத அதன் மரச்சட்டகத்தைத் திருடியதாக மட்டுமே நீதிமன்றம் தண்டித்தது.

"திப்பு சுல்தானோட சண்டை போட்ட வெல்லெஸ்லி இவர்தானா? மெட்ராஸ்ல இருந்தாரா?"

இவர்தான். 1798-ல் 33-ஆம் படைப்பிரிவோடு மெட்ராஸுக்கு வந்தார். 1799-ல் திப்பு வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் கர்னல், பிறகு அந்த நகரத்தின் பொறுப்பாளர். 1804-ல் ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் இவரை வரைந்தார், அந்தப் படம் லண்டனில் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. அந்த ஹோமும் அதற்கு முன் சில வருடங்கள் மெட்ராஸில் இருந்து வரைந்தவர்தான். குன்னூர் பக்கத்து வெலிங்டன் பாசறை இவர் பெயரைக் கொண்டது.

நட்சத்திரங்களில் உச்சியில் இருப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த பாத் விருது 1804-ல் இந்தியப் போர்களுக்காகக் கிடைத்தது. முக்கியமாக 1803 செப்டம்பர் 23 அன்று இன்றைய மகாராஷ்டிரத்தில் அஸ்ஸாயே என்ற ஊரில் மராட்டியப் படையை வென்றதற்காக. ஸ்பெயினில் வரைந்த இந்தப் படத்தில் நம் மண்ணிலிருந்து போனது அந்த ஒரு நட்சத்திரம்.

"அவருக்கு ஸ்டார் கிடைச்சுது. கூடச் சண்டை போட்ட சிப்பாய்க்கு?"

என் நண்பரின் மகள், கல்லூரி மாணவி, கேட்டது. ஸ்பெயின் போரில் அந்தத் தங்கப் பதக்கமும் சிலுவையும் படைப்பிரிவை நடத்திய அதிகாரிகளுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் மட்டும். எல்லாப் படிநிலை வீரர்களுக்கும் பொதுவாகப் பதக்கம் கொடுத்தது வாட்டர்லூவுக்குத்தான். ஸ்பெயினில் போரிட்ட சிப்பாய்களுக்கு 1847-ல்தான் வெள்ளிப் பதக்கம் அறிவித்தார்கள், அதுவும் அதுவரை உயிரோடு இருந்தவர்களுக்கு.

அஸ்ஸாயேயில் வெல்லெஸ்லியோடு நின்றவர்களில் மெட்ராஸ் படையின் சிப்பாய்ப் பட்டாளங்களும் உண்டு. அந்தப் பட்டாளங்களுக்குத் தங்கள் கொடியில் யானை உருவத்தைப் பொறித்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் சின்னத்தில் இன்றும் இருப்பது அந்த அஸ்ஸாயே யானை. அந்த ரெஜிமென்ட்டின் மையம் இருப்பது குன்னூர் வெலிங்டனில். தனித்தனி சிப்பாயின் சட்டையில் குத்திக்கொள்ளும் பதக்கம் 1851-ல் வந்தது. போர் நடந்து 48 வருடம் ஆகியிருந்தது.